உதவித்தொகையிலிருந்து சம்பளத்துக்கு: பக்கத்தில் நின்று உதவுகிறவர்களுக்கான முழு வழிகாட்டி

வேலை ஒன்று இருக்கிறது என்று சொன்னால் பலர் முதலில் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை. "எனக்கு வர்ற உதவித்தொகை ஆயிரத்து இருநூறு நின்னுடுமா?" என்றுதான் கேட்கிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களோடு ஒன்பது ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய்வருகிறேன். ஆரம்பத்தில் இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாக இருக்கும். பத்தாயிரம் ரூபாய் வேலைக்குப் போக யாராவது ஆயிரத்து இருநூறுக்காகத் தயங்குவார்களா என்று நினைப்பேன். அப்புறம்தான் புரிந்தது. அந்த ஆயிரத்து இருநூறு மாதம் தவறாமல் வருகிறது. பத்தாயிரம் எத்தனை மாதம் வரும் என்று அவர்களுக்கு யாரும் உறுதி சொன்னதில்லை. வாழ்க்கையில் ஒருமுறை வழுக்கி விழுந்தவர்கள் பிடித்திருக்கும் கயிற்றை எளிதில் விடமாட்டார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியை வேலை தேடுகிறவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன். குழுத் தலைவி, பள்ளி ஆசிரியர், ஊராட்சி உறுப்பினர், பக்கத்து வீட்டுக்காரர் என்று நீங்கள் யாராகவும் இருக்கலாம். விதவை உதவித்தொகை, வேலையில்லாதோர் உதவித்தொகை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை இவற்றில் ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு, அதோடு கூலி வேலையும் பார்த்துக் காலம் தள்ளுகிற ஒருவரை நிலையான வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதுதான் விஷயம். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம்.

முதல் படி: வேலை தேடுவதற்கு முன் கணக்கு

ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவரோடு உட்காருங்கள். இடது பக்கம் இப்போது வீட்டுக்கு வருகிற எல்லாவற்றையும் எழுதுங்கள். வலது பக்கம் வேலைக்குப் போனால் என்ன வரும், என்ன போகும் என்று எழுதுங்கள். இந்த ஒரு மணி நேரம்தான் எல்லாப் படிகளிலும் முக்கியமானது என்பது என் அனுபவம்.

ஓர் எடுத்துக்காட்டு. கணவரை இழந்த ஒரு அக்கா. மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை. வயல் வேலை மாதத்தில் பன்னிரண்டு நாள் கிடைக்கிறது, நாளுக்கு 300 என்றால் 3,600. மொத்தம் 4,800. பக்கத்து ஊர்ச் செருப்புத் தொழிற்சாலையில் 11,000 ரூபாய்க்கு ஆள் எடுக்கிறார்கள். முழுச் சம்பளத்துக்கும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடித்தால் 12 விழுக்காடு, அதாவது 1,320 போகும். இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 விழுக்காடு, 83 ரூபாய். கைக்கு வருவது 9,597. உதவித்தொகை நின்றுபோனாலும், வயல் வேலை இல்லாமல் போனாலும், இப்போதைய வரவைவிட 4,797 ரூபாய் கூடுதல். இதை வாயால் சொன்னால் நம்பமாட்டார். அவர் கண் முன்னால் கூட்டிக் கழித்துக் காட்ட வேண்டும்.

அடுத்து, எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்துச் சொல்லுங்கள். பயத்தில் பாதி இங்கே கரையும்.

ரேஷன் அரிசி நிற்காது. தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் அரிசி உண்டு, வீட்டில் ஒருவர் தொழிற்சாலைக்குப் போவதால் அது போய்விடாது. மகளிர் உரிமைத் தொகையும் பெரும்பாலும் நிற்காது. 2023 செப்டம்பர் 15 அன்று அந்தத் திட்டம் தொடங்கியபோது வைத்த குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். மேலே சொன்ன 11,000 ரூபாய் வேலை ஆண்டுக்கு 1,32,000 தான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2021 மே மாதத்திலிருந்து இருக்கிறது. அதற்கும் சம்பளத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதையும் கணக்கில் சேர்த்தால் போக்குவரத்துச் செலவு என்று எழுதிய கட்டம் சிலருக்குச் சுழியமாகிவிடும்.

நிற்கக்கூடியவை இரண்டு. ஒன்று, ஆதரவற்றோர் என்ற அடிப்படையில் வருவாய்த் துறை தரும் மாத உதவித்தொகை. நிலையான வருமானம் வந்தால் அது மறுபரிசீலனைக்கு வரலாம். இதை மறைத்துவிட்டுப் போகலாம் என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். பிறகு பணத்தைத் திரும்பக் கட்டச் சொன்னால் அந்தக் குடும்பம் தாங்காது. வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்றே தனி வட்டாட்சியர் இருக்கிறார். சேருவதற்கு முன்பே அவரிடம் போய் நேராகக் கேட்டுவிடுங்கள். இரண்டாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதச் சம்பளம் பத்தாயிரத்தைத் தாண்டினாலே அந்த வரம்பு தாண்டிவிடும்.

பலர் கவனிக்காமல் விடுவது இந்த இரண்டாவதைத்தான். அதனால்தான் இஎஸ்ஐ இல்லாத பன்னிரண்டாயிரம் ரூபாய் வேலையைவிட இஎஸ்ஐ உள்ள பதினோராயிரம் ரூபாய் வேலை மேல் என்று நான் சொல்லுவேன். இஎஸ்ஐ இருந்தால் தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்திருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கும். ஆனால் பெரிய அறுவைச் சிகிச்சைகளுக்குச் சில மாதங்களாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது இதயச் சிகிச்சையோ டயாலிசிஸோ நடந்துகொண்டிருந்தால், அந்தக் குடும்பத்துக்குக் கணக்கு வேறு. அவசரப்படுத்தாதீர்கள். மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்கும் இளைஞர்களின் நிலை வேறு மாதிரி. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தவர்களுக்கு, குடும்ப வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால், மூன்றாண்டுக்கு இது கிடைக்கும். பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டு முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிந்து ஓராண்டு போதும், தொகையும் 600 முதல் 1,000 வரை. காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழும். பட்டதாரிக்கு நாளுக்கு 20 ரூபாய் என்று ஆகிறது. விண்ணப்பப் படிவம் வாங்கவும் தேர்வுக் கட்டணம் கட்டவும் உதவும், அவ்வளவுதான். இதை இழக்கப் பயந்து யாரும் வேலையை விடுவதில்லை. ஆனால் உதவித்தொகை வாங்கினால் பதிவு மூப்பு போய்விடும் என்று வேறொரு பயம் ஊரில் உலவுகிறது. அப்படி இல்லை, பதிவு அப்படியே இருக்கும். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால்தான் போகும். அந்தத் தேதியை அவருடைய கைப்பேசியில் நீங்களே பதிந்துவையுங்கள்.

இரண்டாம் படி: பெயரும் இனிஷியலும்

ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று. இவை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இ-சேவை மையத்தில் எது கிடைக்கும் என்பதும் தெரியும். வேலையைக் கெடுப்பது காகிதம் இல்லாதது அல்ல, காகிதத்துக்குக் காகிதம் பெயர் மாறியிருப்பதுதான்.

பள்ளிச் சான்றிதழில் "கே. செல்வி". ஆதாரில் "செல்வி முருகன்", அதாவது கணவர் பெயரோடு. வங்கியில் வெறும் "செல்வி". பிறந்த தேதி பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஜனவரி 1. நம் ஊரில் இப்படி இல்லாத வீடு குறைவு. வேலைக்குச் சேரும்போது யாரும் இதைப் பார்க்கமாட்டார்கள். பிஎஃப் கணக்கில் ஆதாரை இணைக்கும்போது மாட்டும். ஆறு மாதம் கழித்து மகளுக்கு உடம்பு சரியில்லை, பிஎஃப் பணம் எடுக்கலாம் என்று போனால் எடுக்க முடியாது. "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று அவர் நினைப்பார், வேலையை விட்டுவிடுவார். நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எது அடிப்படை என்று ஒன்றை முடிவு செய்யுங்கள். படித்தவருக்குப் பள்ளிச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துவதுதான் சுலபம். ஆதாரைத் திருத்திய பிறகே வங்கிக்குப் போங்கள், வரிசை மாறினால் இரண்டு தடவை அலைய வேண்டும். ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் இப்போது கையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மகன் எண்ணைக் கொடுத்திருப்பார்கள், மகன் வெளியூரில் இருப்பான், ஓடிபி அவனுக்குப் போகும்.

எட்டாவதோடு நின்றவர்கள், பத்தில் தவறியவர்கள் தனித்தேர்வராக எழுதலாம். எட்டாம் வகுப்புத் தேர்வையும் பத்தாம் வகுப்புத் தேர்வையும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. முப்பத்தைந்து வயதில் எட்டாவது தேர்வு எழுதுவதற்கு வெட்கப்படுகிறவர்களிடம் நான் சொல்வது, வெல்டர் போன்ற சில ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலைய) பிரிவுகளுக்கு எட்டாவது தேறினாலே போதும் என்பதைத்தான். அந்த ஒரு தாள் ஒரு தொழிலுக்கான கதவு.

மூன்றாம் படி: "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பதைத் தாண்டுவது

உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டால் ஒன்றும் தெரியாது என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். போன வாரம் திங்கட்கிழமை காலையிலிருந்து இரவுவரை என்னென்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

குழுவின் ரொக்கப் புத்தகத்தை நான்கு வருடமாக எழுதுகிறவர் கணக்கு எழுதத் தெரிந்தவர். வங்கி மேலாளரிடம் கடனுக்காகப் பேசி வாங்கியவர் வாடிக்கையாளரிடம் பேசத் தெரிந்தவர். கல்யாண வீட்டில் முந்நூறு பேருக்குச் சமைக்கும் குழுவில் காய் அளவு சொல்கிறவருக்குக் கேன்டீனில் வேலை இருக்கிறது. படுத்த படுக்கையான மாமியாரை மூன்றாண்டு பார்த்துக்கொண்டவருக்கு, புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கத் தெரியும், மாத்திரை நேரம் தெரியும். வீட்டு நோயாளிப் பராமரிப்புக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டால் மற்றவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்.

அதே பேச்சிலேயே எது முடியாது என்பதையும் கேட்டுவிடுங்கள். இரவு ஷிப்ட் முடியுமா, நின்றே செய்யும் வேலை முடியுமா, முதுகுவலி இருக்கிறதா, மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டால் பிள்ளையை யார் பார்ப்பார்கள், வீட்டில் குடிக்கிறவர் இருக்கிறாரா. கடைசிக் கேள்வியைத் தனியாக இருக்கும்போது மட்டும் கேளுங்கள். பதிலை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்.

பிள்ளை விஷயத்தில் இப்போது கொஞ்சம் வசதி கூடியிருக்கிறது. சின்னக் குழந்தைக்கு அங்கன்வாடி. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா மாவட்டங்களிலும் கிடைக்கிறது, அதனால் ஆறு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டிய கட்டாயம் ஒன்று குறைந்தது. மாலை நேரம்தான் ஓட்டை. குழுவில் வீட்டோடு இருக்கிற ஒரு அம்மாவிடம் மாதம் ஒரு சிறு தொகைக்கு மூன்று நான்கு பிள்ளைகளை விடும் ஏற்பாட்டை முன்கூட்டியே பேசி முடியுங்கள். இது முடியாமல் வேலைக்குச் சேர்த்தால் இரண்டாவது வாரத்தில் நின்றுவிடுவார்கள்.

நான்காம் படி: பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது

எல்லோருக்கும் தையல் பயிற்சி என்ற பழக்கத்தை நாம் விட வேண்டும். ஒரே ஊரில் நாற்பது பேருக்குத் தையல் சொல்லிக்கொடுத்தால், தைத்துக் கொடுக்க ஆள் இருக்கும், தைக்கக் கொடுக்க ஆள் இருக்காது. பயிற்சிக்கு முன் வேலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். திருப்பூர்ப் பக்கமாக இருந்தால் பவர் டேபிள், ஓவர்லாக் தையல் இயந்திரங்கள் தெரிந்தவருக்கு இடம் இருக்கிறது. தெரியாதவர் தையல்காரருக்கு உதவும் கைமடியாகவோ, தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கிலோ நுழைந்து உள்ளேயே கற்றுக்கொள்ளலாம். ராணிப்பேட்டை, ஆம்பூர் என்றால் தோலும் காலணியும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் என்றால் மின்னணுவும் வாகனமும். கோவை என்றால் பம்ப்பும் வார்ப்படமும். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய வேலைகளை ஒரு தாளில் எழுதி, அதற்கேற்ற பயிற்சியைத் தேடுங்கள்.

கிராமப்புறத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை மூன்று.

முதலாவது ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய ஒரு முயற்சியைப் பார்த்து நாடு முழுக்க மாவட்டத்துக்கு ஒன்றாக வங்கிகள் நடத்துவது இது. தமிழ்நாட்டில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்றவை நடத்துகின்றன. பயிற்சியும் இலவசம், சாப்பாடும் இலவசம். கைப்பேசி பழுது பார்த்தல், மோட்டார் காயில் கட்டுதல், சிசிடிவி பொருத்துதல், ஆடு வளர்ப்பு, காளான், அழகுக்கலை என்று சில வாரங்களில் முடியும் பயிற்சிகள். பயிற்சி முடிந்து இரண்டாண்டு வரை தொடர்ந்து விசாரித்து, வங்கிக் கடனுக்கும் கைகொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய வேலையிலேயே அடக்கம். சொந்தமாகத் தொழில் செய்யத் துணிச்சல் உள்ளவருக்கு இதுதான் சரியான இடம். மாதச் சம்பளம் வேண்டுமென்பவரை இங்கே அனுப்பி ஏமாற்றம் தராதீர்கள்.

இரண்டாவது தீனதயாள் உபாத்யாய ஊரகத் திறன் பயிற்சித் திட்டம். 15 முதல் 35 வயதுவரை ஏழைக் குடும்பத்து இளைஞர்களுக்கு, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வரை. சில மாதப் பயிற்சி, தங்கும் இடம், முடிவில் வேலை. மகளிர் திட்ட அலுவலகத்தில், அதாவது மாநில ஊரக வாழ்வாதார இயக்கத்தின் மாவட்ட அலகில் கேட்டால் இப்போது எந்த மையத்தில் என்ன நடக்கிறது என்று சொல்வார்கள். ஆண்டுக்கு ஆண்டு மையம் மாறும், அதனால் போன வருடத் தகவலை நம்பி யாரையும் அனுப்பாதீர்கள்.

மூன்றாவது அரசு ஐடிஐ. என் கருத்தில் இளவயதுக்காரருக்கு இதைவிடப் பெரிய ஏணி வேறு இல்லை. கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பேருந்து அட்டை, மிதிவண்டி, சீருடை, காலணி எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 கூடுதலாக வரும், பையனாக இருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. ஆண்களுக்கு 40 வயதுவரை இடம் உண்டு. பெண்களுக்கு உச்ச வயதே கிடையாது, இது பலருக்குத் தெரியாது. ஐடிஐ முடித்தவருக்குத் தொழில்பழகுநர் பயிற்சி அடுத்த படி. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவனங்கள் உதவித்தொகை கொடுத்தே பழக்க வேண்டும், சும்மா வேலை வாங்கக் கூடாது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் அவர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோவின் இலவசப் பயிற்சிகளை முதலில் விசாரியுங்கள். அவை பெரும்பாலும் வேலைவாய்ப்போடு சேர்ந்தே வருகின்றன. போட்டித் தேர்வு எழுத ஆசைப்படுகிற பட்டதாரிக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் காசில்லாமல் வகுப்பு நடக்கிறது. கொத்தனார், கம்பி கட்டுபவர் போன்று தொழில் ஏற்கெனவே கைவசம் உள்ளவருக்குப் புதுப் பயிற்சி தேவையில்லை. தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு இருக்கிறது, கட்டுமான நல வாரியத்தில் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. எங்கள் குழுப் பெண்கள் ஐந்து பேர் ஒருமுறை, பெயர் பலகை பெரிதாக வைத்திருந்த ஒரு தனியார் மையத்தில் ஆளுக்கு ஆறாயிரம் கட்டி "நர்சிங் டிப்ளமோ" படித்தார்கள். சான்றிதழை மருத்துவமனையில் காட்டியபோது ஏற்கவில்லை. அந்த மையத்தைச் சொன்னது நான்தான். விசாரிக்காமல் சொன்னேன். அதிலிருந்து மூன்று கேள்வி கேட்காமல் எந்தப் பயிற்சிக்கும் ஆள் அனுப்புவதில்லை: சான்றிதழ் யார் பெயரில் வரும், போன தடவை படித்தவர்களில் இரண்டு பேரிடம் பேசலாமா, அவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: வேலை தேடுவது

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்களில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் அடிக்கடி நடக்கும். பல மாவட்டங்களில் அது வெள்ளிக்கிழமை. பெரிய மைதானத்தில் நடக்கும் மாபெரும் முகாமைவிட இந்தச் சின்ன முகாம் நல்லது என்பேன். கூட்டம் குறைவு, நிறுவனத்துக்காரர் இரண்டு நிமிடமாவது முகம் பார்த்துப் பேசுவார். அரசு நடத்தும் தனியார் வேலை இணையதளத்திலும் பதிந்துவிடுங்கள், கட்டணம் இல்லை.

சுயவிவரம் ஒரு பக்கம் போதும். பெயர், ஊர், கைப்பேசி எண், படிப்பு, செய்யத் தெரிந்தது, எந்த நேரம் வேலைக்கு வர முடியும். மூன்றாம் படியில் எழுதிய தாள் இங்கே கைகொடுக்கும். இணையத்தில் கிடைக்கும் ஆங்கில மாதிரியைப் பார்த்து எழுதிக்கொடுக்காதீர்கள். அதில் உள்ளதைப் படித்து விளக்கச் சொன்னால் அவர் திணறிப்போவார். அவர் வாயால் சொல்லக்கூடியது மட்டும் அதில் இருக்கட்டும்.

நேர்காணலுக்கு முதல் நாள் சாயங்காலம் ஒருமுறை நடித்துப் பாருங்கள். நீங்கள் நிறுவனத்துக்காரர், அவர் வேலை கேட்கிறவர். "இத்தனை வருஷம் ஏன் வேலைக்குப் போகல?" என்ற கேள்வி வரும். அதில்தான் கண் கலங்கிவிடுகிறார்கள். "வீட்டில் பொறுப்பு இருந்தது, இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், தினமும் வர முடியும்" என்று மூன்று வரி போதும். கணவர் இறந்த கதையை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று அவருக்குத் தைரியம் கொடுங்கள். முதல் தடவை போகும்போது கூடவே போங்கள், ஆனால் வாசலோடு நின்றுவிடுங்கள். உள்ளே அவரே பேசட்டும்.

ஆறாம் படி: வேலையையும் நாம் நேர்காணல் செய்ய வேண்டும்

சம்பளம் கைக்கு எவ்வளவு, எந்தத் தேதியில், வங்கியிலா கையிலா? எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் மிகைநேரச் சம்பளம் உண்டா? தொழிற்சாலையில் மிகைநேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம். திருப்பூரில் "ஒன்றரை ஷிப்ட்" என்றால் பன்னிரண்டு மணி நேரம், அதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். இஎஸ்ஐ, பிஎஃப் உண்டா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இஎஸ்ஐ பொருந்தும். கழிப்பறை எங்கே இருக்கிறது? இதைக் கேட்க வெட்கப்படுகிறார்கள், ஆனால் பெண்கள் வேலையை விடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். துணிக்கடை, நகைக்கடை வேலை என்றால் உட்கார இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். 2021இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தப்படி கடை ஊழியர்களுக்கு இருக்கை தந்தே ஆக வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதில் யார் யார் என்று சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

பிஎஃப் பிடித்தம் வேண்டாம், முழுச் சம்பளமும் கையில் கொடுங்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் பொறுமையாகப் பேசுங்கள். முதல் படியில் பார்த்த அந்த 1,320 ரூபாயை அவரிடம் பிடித்தால் நிறுவனமும் தன் பங்குக்கு அதே அளவு போட வேண்டும். வேண்டாம் என்று சொல்வதில் நிறுவனத்துக்குத்தான் லாபம்.

சில வேலைகளுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். சேருவதற்குப் பணம் கேட்டால் வேண்டாம். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் வேண்டாம். பெரிய முன்பணம் கொடுத்து, அது கழியும்வரை போகக் கூடாது என்றால் அது கொத்தடிமை முறை, 1976ஆம் ஆண்டிலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாகக் கல்யாணத்துக்குப் பணம் தருவோம் என்று இளம் பெண்களைக் கேட்டு வருகிறவர்களிடம், மாதாமாதம் வங்கியில் சம்பளம் போட முடியுமா என்று மட்டும் கேளுங்கள். பதிலே சொல்லிவிடும்.

மாற்றுத்திறனாளி ஒருவருக்கு உதவுகிறீர்கள் என்றால் சேருவதற்கு முன் பணியிடத்தை நேரில் போய்ப் பாருங்கள். படிக்கட்டு, கழிப்பறை, பேருந்து நிறுத்தத்திலிருந்து தூரம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். அரசு வேலைகளில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு விழுக்காடு இடம் உண்டு என்பதால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை உயிரோடு வைத்திருங்கள். உதவித்தொகை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமே கேளுங்கள்.

ஏழாம் படி: முதல் மூன்று மாதம்

வேலை கிடைத்ததும் நம் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது பெரிய தவறு. நான் சேர்த்துவிட்டவர்களில் நின்றுபோனவர்கள் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள்தான் நின்றார்கள். காரணம் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும்.

நிஜமான காரணம் பணம் வரும் வேகம். கூலி வேலையில் சாயங்காலம் கையில் காசு வரும். மாதச் சம்பளத்தில், பத்தாம் தேதி சேர்ந்தால், முதல் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதி வரும், அதுவும் முழு மாதத்துக்கு வராது. அதுவரை பால்காரருக்கும் மளிகைக்கடைக்கும் என்ன சொல்வது? இந்த ஒரு மாதத்துக்கு மட்டும் குழுவின் உள்கடனிலிருந்து நான்காயிரமோ ஐந்தாயிரமோ கொடுக்க முன்கூட்டியே தீர்மானம் போடுங்கள். முதல் சம்பளத்திலேயே முழுவதையும் பிடிக்காமல் நான்கு தவணையாக வாங்குங்கள். எங்கள் குழுக்களில் இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு முதல் மாதத்தில் நிற்கிறவர்கள் கண்கூடாகக் குறைந்தார்கள்.

முதல் வாரம் தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு போன் செய்யுங்கள். "சாப்பிட்டீங்களா? கால் வலிக்குதா?" என்றால் போதும். சூப்பர்வைசர் திட்டினார் என்றால், யார் முன்னால், எதற்கு என்று கேளுங்கள். வேலை தெரியாததால் வந்த திட்டு பதினைந்து நாளில் குறையும். மரியாதையில்லாத திட்டாக இருந்தால் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பேச வேண்டும், அந்தப் பேச்சை நீங்கள் பேசலாம். சாவு, திருவிழா, காதுகுத்து என்று ஊரில் ஏதாவது வரும். சொல்லாமல் நின்றால் வேலை போகும், ஒரு நாள் முன்னால் சொல்லி விடுப்புக் கேட்கலாம் என்பது கூலி வேலை மட்டுமே பார்த்தவருக்குப் புதிய விஷயம். எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுங்கள்.

வீட்டில் மாமியாரோ அண்ணனோ முகம் சுளித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். "இந்த மாசம் ஸ்கூல் பீஸ் அவங்களே கட்டிட்டாங்களாமே" என்று பொதுவாக ஒரு வார்த்தை போட்டுவிட்டு வந்தால் போதும்.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் அவரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். முதல் நாள் எழுதிய நோட்டை எடுத்து, வலது பக்கத்தில் நாம் போட்ட கணக்கும் சீட்டில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இஎஸ்ஐ எண்ணும் பிஎஃப் எண்ணும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில் பிடித்தம் இருந்து எண் வரவில்லை என்றால் பணம் கட்டப்படவில்லை என்று பொருள் கொள்ளலாம், உடனே கேட்க வேண்டும். இரண்டு எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள். மூன்றாவது மாதம் முடிந்ததும் ஒருமுறை, ஆறாவது மாதம் ஒருமுறை, பிஎஃப் பாஸ்புக்கை அவருடைய கைப்பேசியிலேயே அவரையே திறக்கச் சொல்லுங்கள். ஆறாவது மாதத்தில் அவர் உங்களுக்கு முன்பே பார்த்துவிட்டு, "அக்கா, இந்த மாசம் கம்பெனிக்காரங்க கட்ட லேட் பண்ணிட்டாங்க, நான் ஆபீஸ்ல கேட்டுட்டேன்" என்று சொன்னால், அந்த நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டு அடுத்தவர் வீட்டுக்குக் கிளம்புங்கள்.